பீடோங்கிலிருந்து ஒரு நாள்: பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோவில்களைப் பார்க்கும் முறை

மலேசியாவின் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரில் பலர் சொல்லும் குறை ஒன்றே: "அங்கே என்ன இருக்கிறது, வெறும் கல்மேடைதானே!" தஞ்சைப் பெரிய கோவிலையோ கம்போடியாவின் அங்கோர் வாட்டையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்கு, இடுப்பளவு கூட எழாத கல்வரிசைகள் ஏமாற்றம் தருவது இயல்புதான். கோபுரமும் இல்லை, சிற்பத் தூணும் இல்லை, விளக்கெரியும் கருவறையும் இல்லை. ஆனால் எங்கே தொடங்குவது, எதை எந்த நேரத்தில் பார்ப்பது, தரையில் எதைத் தேடுவது என்பவை தெரிந்தால் அந்தக் கல்மேடைகள் ஒரு முழு நாளுக்குப் போதுமான செய்தியைத் தரக்கூடியவை. பீடோங் பட்டணத்தைத் தங்குமிடமாகக் கொண்டு அந்த நாளை அமைத்துக்கொள்ளும் வழியை இங்கே சொல்கிறேன்.

முதலில் இடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கெடா மாநிலத்தின் தென்மேற்கில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையே, மெர்போக் ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிப் பரந்திருப்பதே பூஜாங் பள்ளத்தாக்கு. கரையோரச் சமவெளியிலிருந்து தனியாக எழுந்து நிற்கும் ஜெராய், வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே கரையை அறிவித்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த கப்பல்கள், வடகிழக்குக் காற்று தொடங்கும் வரை இங்கே காத்திருந்து திரும்பின. அவ்வாறு தங்கியவர்களின் சரக்கும் வழிபாடும் உள்ளூர் மக்களின் வாழ்வோடு கலந்த துறைமுகப் பகுதியையே தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கின்றன. இன்று அதே நிலத்தில் செம்பனைத் தோட்டங்களும் நெல் வயல்களும் கம்போங்குகள் எனப்படும் மலாய்க் கிராமங்களும் இருக்கின்றன. பழைய சண்டிகள் பல, பால்மரக் (ரப்பர்) காடுகளுக்கு இடையே மண்மேடுகளாகக் கிடந்து கண்டுபிடிக்கப்பட்டவை. கோவில் இடிபாட்டை இங்கே எல்லாரும் சண்டி என்றே சொல்வதால், வழி கேட்கும்போதும் அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

எப்போது போவது என்பதை மழையும் வெயிலும் முடிவு செய்கின்றன. கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். வானம் தெளிவாக இருக்கும், ஆனால் வெயில் கடுமையாக இருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. அந்த மாதங்களில் போக நேர்ந்தால் பார்க்க வேண்டியவற்றைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அதன் பிறகு ஜெராய் மலைமுகட்டில் மேகம் கவிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அடிவாரத்தில் மழையை எதிர்பார்க்கலாம். கிழமையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். ஆகவே பினாங்கிலிருந்தோ சிலாங்கூரிலிருந்தோ வருபவர்களுக்கு விடுமுறையாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை, இங்கே வேலை நாள். அன்று உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் இல்லாமல் அமைதியாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரம் என்பதால் அன்று அருங்காட்சியகத்துக்குச் செல்லும் திட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. ஹரிராயா எனும் முஸ்லிம் பெருநாள்களில் போக நினைப்பவர்கள் திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கோலாலம்பூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கைப்பட்டாணி வந்து, அங்கிருந்து பழைய சாலையில் வடக்கே பீடோங்கை அடையலாம். இரயிலில் வருபவர்களுக்குச் சுங்கைப்பட்டாணி நிலையம் வசதியானது. ஆனால் அங்கிருந்து பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கப் பொதுப் பேருந்தை நம்ப வேண்டாம். கைப்பேசிச் செயலி வழியாகக் கார் அழைப்பவர்கள், போகும்போது எளிதில் கிடைத்த வாகனம் மலையடிவாரத்திலிருந்து திரும்பும்போது கிடைக்காமல் தவிப்பதுண்டு. ஆகவே ஓட்டுநரிடமே அரை நாள் வாடகை பேசிக்கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

பீடோங்கில் முதல் நாள் இரவே தங்கிவிடுவது சிறந்தது. ஹார்வர்ட் தோட்டம் போன்ற பெரிய தோட்டங்களை அண்டி வளர்ந்த பட்டணம் இது. விடியும் முன்பே எழுந்து பால்வெட்டப் போனவர்களின் ஊர் என்பதால் காலையில் சீக்கிரமாகவே கடைகள் திறந்துவிடும். தோசையோ ரொட்டி சானாயோ சாப்பிட்டு ஒரு தே (தேநீர்) குடித்துப் பசியாறிக்கொண்டு, பகல் உணவையும் அங்கேயே கட்டி வாங்கிவிடுங்கள். மெர்போக்கில் மலாய்ச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஆனால் மரக்கறி மட்டுமே உண்பவர்களுக்கு அங்கே தேர்வு குறைவு, நோன்பு மாதத்தில் பகலில் அந்தக் கடைகளும் மூடியிருக்கும். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் வெயிலைத் தாங்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக் நண்பகலுக்குள் கெட்டுவிடக்கூடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, முழுக்கைப் பருத்திச் சட்டை, கொசுவிரட்டி, பிடிமானமுள்ள காலணி ஆகியவை கட்டாயம் வேண்டும். ஓடைக்கரைப் பாறைகளில் பாசி படிந்திருப்பதால் சாதாரணச் செருப்போடு போவது ஆபத்து. மழைக்குப் பிறகு போனால் அட்டைக்கடிக்குச் சிறிது உப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் வரிசையைப் பொறுத்தவரை பெரும்பாலோர் நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, நேரம் மிஞ்சினால் சுங்கை பத்து அகழ்விடத்துக்கு வருகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. சுங்கை பத்து திறந்த வெளி. நிழல் மிகக் குறைவு. பத்தரை மணிக்கு மேல் அங்கே நிற்பது சிரமம். அருங்காட்சியகமோ காட்டோரம், கட்டடத்துக்குள் குளிர்ச்சியும் வெளியே மர நிழலும் உள்ள இடம். எனவே காலை வெயில் ஏறுவதற்குள் சுங்கை பத்து, நண்பகலில் அருங்காட்சியகத்தின் உள்ளே, பிற்பகலில் மர நிழலிலுள்ள சண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலவரிசைப்படியும் இது பொருந்துகிறது, ஏனெனில் சுங்கை பத்தில் கிடைத்தவற்றுள் பல, மலையடிவாரக் கோவிலைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.

பீடோங்கிலிருந்து மேற்கே செமெலிங் செல்லும் சாலையில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைக் கடந்து, மெர்போக் நோக்கிப் போகும் வழியில் சுங்கை பத்து வருகிறது. ஒரு காலத்தில் முழுவதும் தோட்ட நிலமாக இருந்த இங்கே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் 2009 முதல் விரிவாக அகழாய்வு செய்தனர். மண்ணுக்கடியில் வெளிப்பட்டவை மூன்று வகைப்படும்: இரும்பு உருக்கிய இடங்கள், ஆற்றுத்துறைக் கட்டுமானங்கள், வழிபாட்டு அமைப்பு ஒன்று. அகழாய்வு நடக்கும் காலத்தில் சில பகுதிகளுக்குள் விடமாட்டார்கள். பணியாளர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் பாதையிலேயே நடங்கள்.

இரும்பு உருக்கிய இடத்தில் நீங்கள் தேட வேண்டியது சுடுமண் குழாய்த் துண்டுகளையும் கருத்த கசடுகளையும்தான். உலைக்குள் துருத்திக் காற்றைச் செலுத்த வைத்த குழாய்கள் ஒவ்வோர் உருக்கலிலும் நெருப்பில் வெந்து பழுதாகிவிடும். ஆகவே அவற்றை எறிந்துவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். ஓரிடத்தில் அவை குவியல் குவியலாகக் கிடக்கின்றன என்றால், அங்கே ஓர் ஊரின் தேவைக்கு மேல் இரும்பு உருக்கப்பட்டது என்று பொருள்கொள்ளலாம். குழாயின் ஒரு முனை மட்டும் கண்ணாடி போல உருகி மினுங்குவதைக் கவனியுங்கள். உலையின் வெப்பத்தை நேரடியாகத் தாங்கிய முனை அது. கையால் எடுக்காமல் குனிந்து பார்த்தாலே போதும். கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் இத்தகைய உலைச் சான்றுகள் கிடைத்துள்ளன என்பதை அறிந்தவர்கள் இங்கே சற்று அதிக நேரம் நிற்பார்கள்.

ஆற்றுத்துறை என்று சொல்லப்படும் செங்கல் தளங்களைப் பார்க்கும்போது ஆறு எங்கே என்ற கேள்வி எழும். இன்றைய சுங்கை பத்து ஒரு சிற்றாறுதான். அக்காலத்தில் மெர்போக் முகத்துவாரத்தின் நீர் இன்னும் உள்ளே வரை பரவியிருந்தது. பிற்காலத்தில் வண்டல் படிந்து நிலம் உயர்ந்து கரை விலகியது. செங்கல் தளத்தின் ஓரத்தில் நின்று, செம்பனை மரங்கள் இருக்கும் தாழ்ந்த பகுதியெல்லாம் நீர் என்று வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தத் தளம் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். வழிபாட்டு அமைப்பு வட்டமான செங்கல் அடித்தளத்தைக் கொண்டது. அதன் காலம் கி.பி. 110 என்று ஆய்வாளர்கள் அறிவித்தனர். சுங்கை பத்தின் தொடக்கம் கி.மு. நூற்றாண்டுகளுக்குப் போகிறது என்ற அறிவிப்புகளும் வந்தன. அவற்றை எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. உடன் வருபவர்களுக்கு விளக்கும்போது இந்தக் கருத்து வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 'தென்கிழக்காசியாவிலேயே மூத்த நாகரிகம்' என்ற பெருமைப் பேச்சு எளிது. ஒரு செங்கல்லின் காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கும் கேள்வி அதைவிடப் பயனுள்ளது.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இங்கே வேண்டியதில்லை. பத்தரைக்குள் புறப்பட்டு மெர்போக்கை அடைந்து, அங்கிருந்து மலையை நோக்கித் திரும்பும் சாலையில் சென்றால் புக்கிட் பத்து பகாட் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1980இல் தொடங்கப்பட்ட இது சிறிய அருங்காட்சியகம்தான். உள்ளே எல்லாவற்றையும் சம அளவில் பார்க்க முயன்றால் களைப்பே மிஞ்சும். மூன்றை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். ஒன்று, வாணிகப் பொருள்கள்: சீனப் பீங்கான் ஓடுகள், கண்ணாடித் துண்டுகள், மணிகள். மூடா ஆற்றுப் பக்கமுள்ள சுங்கை மாஸ் பகுதியில் கண்ணாடி மணிகள் வந்திறங்கியதோடு அங்கேயே செய்யவும் பட்டன. இரண்டு, சுடுமண் உருவங்கள். சிதைந்த விநாயகர் உருவம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. பௌத்தச் சான்றுகளும் சைவச் சான்றுகளும் ஒரே வட்டாரத்தில் கிடைத்திருப்பதை இங்கே நேரில் காணலாம்.

மூன்றாவது, ஒன்பது குழிகள் வெட்டப்பட்ட கற்பேழை. இதற்கு முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். வெளியே நீங்கள் பார்க்கப்போகும் சண்டியின் அடித்தளத்தில் புதைத்து வைக்கப்பட்டிருந்தவை இத்தகைய பேழைகள். குழிகளுக்குள் மணிக்கற்களும் உலோகப் பொருள்களும் இடப்பட்டன. நடுவில் ஒன்று, சுற்றிலும் எட்டு என்ற அமைப்பு எட்டுத் திசையையும் மையத்தையும் குறிப்பது. ஆகம மரபில் இதைக் கர்ப்பநியாசம் என்பார்கள். நம் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருப்பணியின்போது, அடிக்கல் நாட்டும் குழியில் நவரத்தினத்தையும் பஞ்சலோகத்தையும் நவதானியத்தையும் போடுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பேழைக்கு விளக்கக் குறிப்பு தேவைப்படாது.

புத்தகுப்தன் கல்வெட்டைப் பற்றியும் இங்கே தெரிந்துகொள்ளலாம். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், கடற்பயணம் நலமாக அமைய வேண்டும் என்று மகாநாவிகன் (பெருமாலுமி) புத்தகுப்தன் வேண்டிக்கொண்ட வாசகமும் தூபி வடிவமும் உள்ளன. கேப்டன் ஜேம்ஸ் லோ 1834இல், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் கண்டெடுத்த அதன் மூலக்கல் கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பகலுணவை அருங்காட்சியக வளாகத்துக்கு வெளியே, ஓடையோரமாக உண்பது வழக்கம். குரங்குகள் பையைப் பார்த்தே வருபவை. உணவைக் காரிலிருந்து எடுத்தவுடன் உண்டு முடித்து, மிச்சத்தைக் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். மலையிலிருந்து இறங்கும் மெர்போக் கெச்சில் ஓடையில் கால் நனைக்கலாம். மேலே மழை பெய்தால் நீர் திடீரென்று பெருகும் என்பதால், நிறம் கலங்கினால் உடனே கரையேறிவிட வேண்டும்.

இனி அந்த நாளின் முதன்மையான பகுதிக்கு வருவோம். புக்கிட் பத்து பகாட் சண்டி, எட்டாம் எண் தளம் என்று ஆய்வு நூல்களில் குறிக்கப்படுவது, அருங்காட்சியகத்துக்குப் பின்னே ஓடையை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. இதை 1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர்களான குவாரிச் வேல்ஸ் இணையர் அகழ்ந்தனர்; பின்னர் 1959–60இல் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் மீண்டும் அகழாய்வு செய்து, சரிந்து சிதறிய கற்களை அடையாளம் கண்டு அடுக்கி இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தனர். ஆகவே நீங்கள் காண்பது, தன் பழைய இடத்திலேயே மறுபடி அடுக்கப்பட்ட கட்டடம். இது பள்ளத்தாக்கில் அரிதான ஒன்று, ஏனெனில் அருகிலுள்ள மற்றவை வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை.

கிட்டே போவதற்கு முன் இருபது அடி தள்ளி நின்று முழு அமைப்பையும் பாருங்கள். இரண்டு பகுதிகள் தெரியும்: தடித்த சுவரோடு சற்று உயர்ந்து நிற்பது விமானம், அதாவது கருவறை இருந்த பகுதி, அதற்கு முன்னே தாழ்வாகப் பரந்திருப்பது மண்டபம். தமிழ்நாட்டுக் கோவில்களின் அடிப்படையும் இதுவே என்பதால், கோவிலுக்குப் போய்ப் பழகிய யாரும் வாசல் எங்கே, அர்ச்சகர் எங்கே நின்றிருப்பார், அடியவர்கள் எங்கே கூடியிருப்பார்கள் என்பதைத் தாமாகவே கண்டுபிடித்துவிடலாம். கைப்பேசியிலுள்ள திசைகாட்டியை எடுத்து வாசல் எந்தத் திசையை நோக்குகிறது என்று பாருங்கள். பிள்ளைகளை இந்த வேலையில் விட்டால் அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுத்துத் தளத்தின்மேல் குழி வெட்டப்பட்ட கற்களைத் தேடுங்கள். தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் அவை. கல் தூண்கள் ஏதும் இல்லாதிருப்பதால், அந்தக் குழிகளில் மரத்தூண்கள் நின்றன என்றும், மேலே மரச்சட்டமும் அத்தாப்பு (பனையோலை வேய்வு) போன்ற அழியக்கூடிய கூரையும் இருந்தன என்றும் கருதுகிறார்கள். மேற்பகுதி ஏன் மிஞ்சவில்லை என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. இந்த வெப்ப மண்டல ஈரத்தில் மரம் சில தலைமுறைக்கு மேல் நிற்காது; கூரை விழுந்து, தூண் மக்கி, காடு ஏறியபின் கல் மட்டும் தங்கியது. படையெடுத்து இடித்தார்கள் என்ற கதையை யாராவது சொன்னால், முதலில் அந்தக் குழிகளைக் காட்டுங்கள். அடிக்கற்கள் எத்தனை வரிசையாக இருக்கின்றன, கருவறையைச் சுற்றியும் அவை தொடர்கின்றனவா, வரிசைகளுக்கிடையே எத்தனை எட்டு தூரம் என்று மேடையைச் சுற்றி நடந்தபடியே குறித்துக்கொண்டால், கூரையின் அளவு ஓரளவு மனத்தில் உருவாகும்.

கற்களின் முகப்பையும் பாருங்கள். மலையிலிருந்தும் ஓடையிலிருந்தும் கிடைத்த கருங்கல்லைச் செதுக்கியே இதைக் கட்டியிருக்கிறார்கள். உளி பட்ட தடங்கள் சில கற்களில் இன்னும் உள்ளன. நண்பகல் வெளிச்சத்தில் அவை மறைந்துவிடும், பிற்பகல் மூன்றரைக்கு மேல் சாய்ந்த வெயில் பட்டால் தெரியும். சிற்ப வேலைப்பாடு ஏறக்குறைய இல்லை. பல்லவர், சோழர் கோவில்களின் அதிட்டானத்தில் (அடிப்பீடத்தில்) காணும் அடுக்கடுக்கான புடைப்பு வேலைகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. திட்டம் கடல் கடந்து வந்தது. கையும் கல்லும் கட்டிய முறையும் பெரிதும் உள்ளூரைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. மூலவர் திருமேனி கிடைக்காததால் இது எந்தத் தெய்வத்துக்கு உரியது என்பதில் உறுதியான முடிவு இல்லை. கட்டப்பட்ட காலத்தைப் பற்றியும் ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை.

மற்றச் சண்டிகளுக்கு அரை மணி நேரம் போதும். பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களிலிருந்து பெயர்த்து இங்கே அமைக்கப்பட்டவை அவை. செங்கல், செம்புரைக்கல், கருங்கல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே அவை பயன்படும். செங்கல்லில் கட்டியது எவ்வளவு எளிதாகக் கரைகிறது என்பதைப் பார்த்தால், சமவெளியிலிருந்த கோவில்கள் ஏன் வெறும் மேடுகளாகிவிட்டன என்பது புரியும்.

இந்த இடத்தில் இராசேந்திர சோழனின் பேச்சு வராமல் இராது. தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்து வருபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். கி.பி. 1025 அளவில் இராசேந்திரனின் கடற்படை, சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் துறைமுகங்களைத் தாக்கியது. கடாரமும் அவற்றுள் ஒன்று. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அதனால் வந்தது. இவை கல்வெட்டுச் சான்றுள்ள செய்திகள். ஆனால் "இந்தக் கோவில்களை இராசேந்திரன் கட்டினான்" என்று சொல்வதற்குச் சான்று இல்லை. பள்ளத்தாக்கின் வழிபாட்டு எச்சங்களில் பல அவனுக்கு நூற்றாண்டுகள் முந்தியவை. தாக்குதலை மட்டும் சொல்லி நிறுத்துவதும் பாதி வரலாறுதான்: அவன் தந்தை இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய–கடார அரசனான மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பினான், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராசராசன் கொடையாக அளித்ததை ஆனைமங்கலம் செப்பேடுகள் சொல்கின்றன. போருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இரு கரைகளுக்கும் இடையே இருந்த அந்த உறவைக் கேட்ட மாணவர்கள், படையெடுப்பைப் பற்றிக் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

நம்மவர் சிலர் சண்டியைக் கண்டதும் கற்பூரம் ஏற்றவும், பூவும் தேங்காயும் வைக்கவும் விரும்புகிறார்கள். அந்த உணர்வை மதிக்கிறேன், ஆனால் செய்யக் கூடாது. எண்ணெயும் கரியும் கல்லில் ஊறினால் எடுக்க முடியாது. இது பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம், எழுந்தருளிய தெய்வம் இல்லாத கட்டடம். கைகூப்பி வணங்குவதை யாரும் தடுக்கப்போவதில்லை. அருச்சனை செய்ய வேண்டுமென்றால் திரும்பும் வழியில் ஏதேனும் ஒரு தோட்டக் கோவிலில் செய்துகொள்ளலாம். மேடையின் விளிம்பில் உட்காருவது, கல்மேல் ஏறிப் படம் எடுப்பது, பெயர் கீறுவது ஆகியவற்றைப் பெரியவர்களே செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. முட்டுவலி உள்ள மூத்தவர்களை மேட்டுப்படிகளில் அவசரப்படுத்தாமல், முதலில் அருங்காட்சியகத்தில் உட்காரவைத்துவிட்டு வெயில் தணிந்த பின் அழைத்துச் செல்லுங்கள்.

நான்கு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தெம்பு இருப்பவர்கள் மெர்போக் ஆற்று முகத்துவாரத்திலுள்ள தஞ்சோங் டாவாய் மீனவ ஊருக்குப் போகலாம். கடலுணவு உண்பவர்களுக்கு நல்ல இடம், அங்கிருந்து ஜெராயைத் திரும்பிப் பார்த்தால் மாலுமிகள் அதை ஏன் அடையாளமாகக் கொண்டார்கள் என்பதும் தெரியும். பினாங்கு நோக்கித் திரும்புபவர்கள் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலய வளாகத்திலுள்ள செரோக் தோக் குன் பாறைக் கல்வெட்டை மறுநாள் காலையில் பார்க்கலாம். அதையும் ஜேம்ஸ் லோதான் 1845இல் அறிவித்தார்.

இந்த வட்டாரத்திலேயே வசிப்பவர்களுக்கும் தோட்ட நிலத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு செய்முறை. பள்ளத்தாக்கில் இன்னும் அகழப்படாத மேடுகள் உண்டு. பாதுகாப்பில்லாதவை எளிதில் அழிந்துவிடும். பதினோராம் எண் சண்டி 2013இல் வீடமைப்பு நிலத்தைச் சமன்செய்யும்போது இடிக்கப்பட்டதும், அந்தச் செய்தி வெளிவந்தபோது நாடு முழுவதும் எழுந்த கண்டனமும் பலருக்கு நினைவிருக்கும். கால்வாய் வெட்டும்போதோ செம்பனை மறுநடவின்போதோ பழைய செங்கல் வரிசை, செதுக்கிய கல், மணி, பானை ஓடு எதுவும் தென்பட்டால் அதை எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் செய்தியில் பெரும்பகுதி இருக்கிறது. பக்கத்தில் ஐம்பது சென் நாணயத்தை வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். இன்னொரு படம் சற்றுத் தள்ளி நின்று, மரமோ மின்கம்பமோ தெரியும்படி எடுங்கள். கைப்பேசி காட்டும் இட அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேலையை நிறுத்தச் சொல்லி மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, மாவட்ட அலுவலகத்துக்கோ மெர்போக் அருங்காட்சியகத்துக்கோ எழுத்து மூலமாக அறிவியுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி கண்டெடுத்தவர் அறிவித்தாக வேண்டும். அறிவித்த கடிதத்தின் நகல் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.